‘டெட்’ என்று வந்த போர்டு யுஎஸ்பி வயரில் பேசுவது எப்படி

இளம்பிள்ளைத் தறிக்காரர் ஒருவர் ஒரு கன்ட்ரோலர் பெட்டியை மஞ்சப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக என் பட்டறைக்கு வந்தார். மின்னணு ஜக்கார்டை ஓட்டுகிற பெட்டி அது. புடவை டிசைனைப் பென்டிரைவில் கொடுத்தால், ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்தப் பாவு இழை மேலே எழவேண்டும் என்று ஜக்கார்டுக்குச் சொல்வது அதன் வேலை. முன்பு துளை போட்ட அட்டைகள் செய்துகொண்டிருந்த அதே வேலைதான். புது சாஃப்ட்வேர் ஏற்றிக்கொண்டிருந்தபோது நடுவில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது பச்சை விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது.

“டெட்டுங்கண்ணா. சரி பண்ண முடியாது, புது போர்டுதான் போடணும்னு சொல்லிட்டாங்க. தறி நாலு நாளா நிக்குது” என்றார்.

எங்கள் தொழிலில் இந்த ‘டெட்’ என்ற சொல் மிக எளிதாகப் புழங்குகிறது. ஆனால் சாஃப்ட்வேர் ஏற்றும்போது நின்றுபோன போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பாகமும் கெட்டிருக்காது. கெட்டது ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதியிருந்த எழுத்து மட்டும். சிப் நன்றாகவே இருக்கும். அதைவிட முக்கியம், அந்த சிப்புக்குள்ளேயே யாராலும் அழிக்க முடியாத ஒரு சின்ன புரோகிராம் உட்கார்ந்துகொண்டு, “எனக்கு வேலை கொடுக்க யாராவது இருக்கிறீர்களா” என்று யுஎஸ்பி வாயிலில் காத்துக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை போர்டுகளைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அந்தப் புரோகிராமுக்கு பூட் ரோம் என்று பெயர். சிப்பைத் தயாரிக்கும்போதே சிலிக்கானோடு சிலிக்கானாக அச்சடித்துவிடுகிறார்கள். கரண்ட் வந்தவுடன் பிராசசர் முதலில் ஓட்டுவது இதைத்தான். அளவில் மிகச் சிறியது. ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னப் போர்டில் இருக்கும் ஆர்பி2040 சிப்பின் ரோம் வெறும் 16 கிலோபைட். லினக்ஸ் என்றால் என்ன, திரை என்றால் என்ன என்று எதுவும் அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு வரிசை: எஸ்டி கார்டில் பூட்லோடர் (மற்ற சாஃப்ட்வேரைக் கிளப்பிவிடும் முதல் புரோகிராம்) இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்த இஎம்எம்சி என்ற ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கிறதா, எஸ்பிஐ ஃப்ளாஷ் என்ற இன்னொரு சிறு நினைவகத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். வரிசை சிப்புக்கு சிப் மாறும். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் பல சிப்புகள் கடைசியாக யுஎஸ்பி பக்கம் திரும்பும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பென்டிரைவைப் போர்டில் செருகி, அதிலிருந்து பூட் செய்வது வேறு. அதில் போர்டு எஜமான், பென்டிரைவ் பணியாள். நான் சொல்வது அதற்கு நேர் எதிர். இதில் லேப்டாப்தான் எஜமான். போர்டு ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ் மாதிரி லேப்டாப்பில் செருகப்படும் பொருளாகிவிடுகிறது. லேப்டாப் வழக்கம்போல “நீ யார்” என்று கேட்கும். ரோம் 18 பைட்டில் பதில் சொல்லும். அந்த 18 பைட்டுக்குள் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் இருக்கும். 2207 என்று வந்தால் ராக்சிப் கம்பெனி. 0451, 6141 என்று வந்தால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் ஏஎம்335எக்ஸ் வகை. செல்போன் ரிப்பேர் கடைகளில் ‘9008’ என்று சொல்வார்களே, அது குவால்காம் சிப்பு இதே நிலையில் இருக்கும்போது காட்டுகிற பொருள் எண். திரை கறுப்பாக இருந்தாலும் இந்த எண் லேப்டாப்பில் தெரிந்துவிட்டால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

தறிக்காரரின் பெட்டியைத் திறந்து சிப்பின் மேல் ஒட்டியிருந்த ஹீட்சிங்கைக் கழற்றினேன். ஆல்வின்னர். இந்தக் கம்பெனி சிப்புகள் யுஎஸ்பி-யில் காத்திருக்கும் நிலைக்கு ஃபெல் என்று பெயர். வயரைச் செருகி ஒரு கட்டளை கொடுத்தேன்; 1651 என்று பதில் வந்தது. ஏ20 சிப்பின் அடையாளம் அது. “இருக்குங்க” என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

சரி, லேப்டாப்பும் சிப்பும் பேசிக்கொண்டுவிட்டன. அப்படியென்றால் முழு லினக்ஸையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடலாமே? முடியாது. இந்த வேலையிலேயே எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கரண்ட் வந்த அந்த நொடியில் போர்டில் இருக்கும் 1 ஜிபி ரேம் இருந்தும் இல்லாததுதான். ரேம் என்பது தனி சிப். அது எந்த வேகத்தில் ஓடவேண்டும், எத்தனை சுற்றுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், போர்டில் போகிற கம்பித் தடங்களின் நீளத்துக்கு ஏற்ப எவ்வளவு தாமதம் வைக்கவேண்டும் என்றெல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் அது வேலை செய்யும். பூட் ரோமுக்கு அந்தக் கணக்கு தெரியாது. சிப் தயாரித்தவர் இந்த சிப் எந்த போர்டில் போய் உட்காரும், பக்கத்தில் எந்தக் கம்பெனி ரேம் இருக்கும் என்று எப்படி அறிவார்? ஆகவே ரோமின் கைக்கு எட்டுவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம் மட்டும். சில பத்து கிலோபைட், மிஞ்சினால் சில நூறு.

செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை ஏற்றிய லாரி குடோன் வாசலுக்கு வந்து நிற்கிறது, குடோன் பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகளைத் தெருவில் இறக்க முடியாது. முதலில் ஒரு ஆள் சாவியோடு டிவிஎஸ் 50-யில் வந்து ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட வேண்டும். அப்புறம்தான் லாரி பின்பக்கமாக உள்ளே வரும். அந்தச் சாவிக்கார ஆள்தான் முதல் துண்டு. எஸ்பிஎல் என்று சுருக்கமாகச் சொல்வோம். ஏ20 தலைமுறை ஆல்வின்னரில் இது 32 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. அது சிறு நினைவகத்தில் இறங்கி, ரேமை எழுப்பிவிட்டு, மறுபடி ரோமிடமே பிடியைக் கொடுத்துவிடும். இப்போது குடோன் திறந்திருக்கிறது. அடுத்து யு-பூட் என்கிற பெரிய பூட்லோடர், தேவைப்பட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், போர்டின் பாகங்களை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ எல்லாவற்றையும் நேராக ரேமில் இறக்கலாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தானாகவே தீரும். ‘அதே சிப், வேறு போர்டு’ என்று இணையத்தில் கிடைத்த எஸ்பிஎல்-ஐ ஏற்றினால் ஏன் பாதியில் உறைந்து நிற்கிறது? ரேம் கணக்கு வேறு. சிப் பெயர் பொருந்தினால் போதாது, போர்டின் பெயரும் பொருந்த வேண்டும். எங்கள் பக்கத்து இன்ஜினியரிங் மாணவர்கள் புராஜெக்டுக்காக வந்து நிற்கும்போது நான் முதலில் கேட்பதே போர்டின் பெயரைத்தான்.

தறிக்காரரின் பெட்டிக்கு வருவோம். எஸ்பிஎல் போயிற்று. அரை நொடி அமைதி. அப்புறம் யு-பூட் போயிற்று. நான் அதனோடு அனுப்பிய சிறு ஸ்கிரிப்ட் யு-பூட்டிடம் சொன்னது ஒரே ஒரு வேலை: பெட்டிக்குள் இருக்கும் இஎம்எம்சி-யை யுஎஸ்பி டிரைவாக வெளியே காட்டு. யு-பூட்டில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. சில நொடியில் லேப்டாப் திரையின் ஓரத்தில் புது டிரைவ் ஒன்று முளைத்தது. அந்தப் பெட்டியே ஒரு பென்டிரைவாக மாறி வந்து நின்றது. தறிக்காரர் எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தார்.

இந்த இடத்தில் கை பரபரக்கும். உடனே புதுசாக எழுதிவிடத் தோன்றும். எழுதக்கூடாது. முதலில் உள்ளே இருப்பதை, கெட்டதோ நல்லதோ, கடைசி பைட் வரை நகல் எடுத்து வைக்க வேண்டும். அந்தத் தறியின் கொக்கி எண்ணிக்கை, அளவுத் திருத்தங்கள், பெட்டியின் சீரியல் எண் எல்லாம் தனியொரு பகுதியில் இருந்தன. வேறு பெட்டியின் இமேஜை, அதாவது அதன் நினைவகத்தின் முழு நகலை, மொத்தமாகப் போட்டு அமுக்கியிருந்தால் பெட்டி எழுந்திருக்கும், தறி தப்பாக நெய்திருக்கும். நகல் எடுத்து முடித்து, கம்பெனிக்காரர்கள் கொடுத்திருந்த அதே அப்டேட் பென்டிரைவிலிருந்து பூட்லோடர் பகுதியை மட்டும் எடுத்து அதற்குரிய இடத்தில் எழுதினேன். ஆல்வின்னரில் அது தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி ஆரம்பிக்கும். வயரைப் பிடுங்கி, மின்சாரத்தைப் போட்டதும் திரையில் கம்பெனி முத்திரை வந்தது. மாலை ஆறு மணிக்குள் இளம்பிள்ளையிலிருந்து போன் வந்துவிட்டது, தறி ஓடுகிறதென்று.

அந்தப் பெட்டியில் ஒரு நல்ல நேரம் இருந்தது. கரண்ட் போனது சரியாக முதல் துண்டை எழுதிக்கொண்டிருந்தபோது. ரோம் அதைப் படித்து, கூட்டுத்தொகை சரிபார்த்து, பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிட்டு யுஎஸ்பி-க்கு வந்தது. இதற்கு மாறாக முதல் துண்டு முழுசாக இருந்து, அடுத்தது பாதியில் அறுந்திருந்தால்? ரோம் முதல் துண்டைப் பார்க்கும், சரியாக இருக்கிறது என்று நம்பும், பிடியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். முதல் துண்டு இரண்டாவதைத் தேடிப் போய் அங்கேயே தொங்கும். ரோம் யுஎஸ்பி பக்கம் வரவே வராது. லேப்டாப்பில் எந்த எண்ணும் தெரியாது. ‘டெட்’ என்று உண்மையாகவே நம்பிவிடுவார்கள்.

இதற்குத்தான் போர்டுகளில் ஒரு பட்டனோ, ஜம்பரோ, பெயரே போடாத இரண்டு செம்புப் புள்ளிகளோ வைத்திருப்பார்கள். அதை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்தால் ரோம் மற்ற இடங்களைத் தட்டாமல் நேராக யுஎஸ்பி-க்குப் போய்விடும். பட்டன் இல்லாத போர்டுகளில் வேறு வழி: இஎம்எம்சி-யின் கிளாக் கம்பியை ட்வீசர் நுனியால் கிரவுண்டோடு தொட்டுப் பிடித்தபடி கரண்ட் கொடுப்பது. இஎம்எம்சி பதில் சொல்லாது. ரோம் “ஒன்றும் இல்லை” என்று முடிவு செய்து யுஎஸ்பி-க்கு வரும். லேப்டாப்பில் எண் தெரிந்தவுடன் ட்வீசரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் எழுதும்போது இஎம்எம்சி கிடைக்காது. கை நடுங்கக்கூடாத வேலை. தவறான புள்ளியைத் தொட்டால் உண்மையாகவே சிப் போய்விடும், ஆகவே போர்டின் படம் கையில் இல்லாமல் நான் இதைச் செய்வதில்லை.

இன்னொன்று வயர். சிரிக்காமல் கேளுங்கள், என்னிடம் வரும் ‘யுஎஸ்பி-யில் தெரியவில்லை’ புகார்களில் நிறைய வயரிலேயே முடிந்துவிடும். யுஎஸ்பி 2.0 வயருக்குள் நான்கு கம்பிகள் வேண்டும்: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா. தெருவோரம் கிடைக்கும் மலிவான சார்ஜர் வயர் ஒன்றை மாணவர்களுக்குக் காட்ட நடுவில் வெட்டினேன். சிவப்பும் கறுப்பும் மட்டும் இருந்தன. அதைப் போட்டால் விளக்கு எரியும், பேச்சு வராது. நன்றாக வேலை செய்யும் டேட்டா கேபிள் ஒன்றைத் தனியாக, குட்டையாக, ஒரு நிறத் துணி கட்டி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டிரைவர் பொருந்தாமல் போவதும், லினக்ஸில் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லாமல் போவதும் அதற்கு அடுத்தபடி வருபவை.

மற்ற குடும்பங்கள் இதே வேலையை வெவ்வேறு பாஷையில் செய்கின்றன. ஏஎம்335எக்ஸ் செய்வது எனக்கு மிகவும் பிடித்தது. பீகிள்போன் பிளாக் போர்டில் இருக்கும் சிப் அது. அதன் ரோம் யுஎஸ்பி-யில் ஒரு நெட்வொர்க் கார்டாக வேஷம் கட்டிக்கொண்டு வரும். “எனக்கு ஒரு ஐபி முகவரி கொடு, அப்புறம் பூட் கோப்பைக் கொடு” என்று லேப்டாப்பிடம் கேட்கும். லேப்டாப் சின்ன சர்வராக நடித்துக் கொடுக்க வேண்டும். ராஸ்ப்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 4-ல், அதன் ஐஓ போர்டின் ஒரு ஜம்பரை மாட்டினால் இஎம்எம்சி-யை விட்டுவிட்டு யுஎஸ்பி-க்கு வரும். அப்புறம் இஎம்எம்சி டிரைவாகத் தெரியும்.

2021 ஜனவரியில் வந்த பிக்கோ இதை மிக எளிதாக்கிவிட்டது. பட்டனை அழுத்திக்கொண்டு வயரைச் செருகினால் ரோமே ஒரு பென்டிரைவாகத் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. இது எப்படிச் சாத்தியம்? கம்ப்யூட்டர் ஒரு கோப்பின் துண்டுகளை எந்த வரிசையில் எழுதும் என்று உத்தரவாதம் இல்லை. யுஎஃப்2 என்ற அந்தக் கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு துண்டும் 512 பைட். அதில் உண்மையான சரக்கு பெரும்பாலும் 256 பைட், மீதி இடத்தில் “நான் எந்த முகவரிக்குப் போகவேண்டியவன், மொத்தம் எத்தனை பேரில் நான் எத்தனையாவது” என்ற விலாசம். எந்த வரிசையில் வந்தாலும் ரோம் அதை அதன் இடத்தில் வைத்துவிடும். கடைசித் துண்டு சேர்ந்ததும் தானே ரீஸ்டார்ட் ஆகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை.

எஸ்டிஎம்32 என்ற சிப் குடும்பத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தக் குடும்பத்தில் பல சிப்புகளில் பூட்0 என்ற பின்னை உயர்த்தி ரீசெட் செய்தால், டிஎஃப்யு என்ற பொது முறையில் யுஎஸ்பி வழியாக ஏற்றலாம். ஆனால் எல்லாரும் வாங்கும் நீலநிற ‘புளூ பில்’ போர்டில் இருக்கும் எஃப்103 சிப்பின் ரோமுக்கு யுஎஸ்பி தெரியாது, சீரியல் போர்ட் மட்டும்தான். போர்டில் யுஎஸ்பி வாய் இருக்கிறதே என்று ஏமாந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிஎஃப்யு எனக்கு ஏற்காட்டில் கைகொடுத்தது. காப்பி எஸ்டேட் ஒன்றில் மழைமானியோடு இணைந்த பதிவுப் பெட்டி. காப்பி பூக்கும் காலத்தில் எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது என்பது அவர்களுக்கு விளைச்சல் கணக்கு. யாரோ வேறு மாடலின் கோப்பை ஏற்றிவிட்டார்கள். எஸ்டேட் ரைட்டர் போனில், “சார், பெட்டிய கழட்டி எடுத்துட்டு வரட்டுங்களா?” என்று கேட்டார். வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். கழற்றினால் மழைமானியின் மட்டம் கலைந்துவிடும்.

20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், காப்பி உலர்த்தும் களத்தின் ஓரம் லேப்டாப்பை வைத்தேன். பனிமூட்டத்தின் ஈரத்தில் பெட்டியின் மைக்ரோ யுஎஸ்பி வாய் பச்சை பூத்திருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் கொண்டு பத்து நிமிடம் தேய்த்தேன். இதில் இருந்தது எஸ்டிஎம்32 குடும்பத்தின் எஃப்4 வகை சிப். ஜம்பரை மாற்றி, ரீசெட் அழுத்தி, வயரைச் செருகியதும் லேப்டாப்பில் தெரிந்தது. சரியான கோப்பு என்னிடமே இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன் சிக்னல் வந்து வந்து போகும் அந்த இடத்தில் இணையம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வயரும் கோப்பும் இருந்தால் போதும். பழைய மழைக் கணக்கு தனி எஸ்டி கார்டில் பத்திரமாக இருந்தது.

இவ்வளவு திறந்த வாசல் ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. ரோமை யாராலும் அழிக்க முடியாது என்றால், ரோமில் இருக்கும் பிழையையும் யாராலும் திருத்த முடியாது. 2018-ல் என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப்பில் அப்படி ஒன்று வெளியானது: யுஎஸ்பி வழியாகக் கேட்கப்படும் நீளத்தைச் சரியாகச் சோதிக்காமல் ரோம் நகலெடுத்ததால், அந்த வழியே சொந்த புரோகிராமை ஓட்ட முடிந்தது. நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் பெட்டி இந்தச் சிப்பில்தான் ஓடியது. விற்றுப்போன ஸ்விட்சுகளுக்கு மருந்தே இல்லை, புது சிப்பில்தான் சரிசெய்ய முடிந்தது. 2019-ல் ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான சிப்புகளின் ரோமிலும் இதே போல ஒரு பிழை வெளிவந்தது.

தயாரிப்பாளர்கள் இதற்குக் கையாளும் முறை, சிப்புக்குள் இருக்கும் ஃப்யூஸ்கள். ஒருமுறை எரித்தால் திரும்பாது. தங்கள் டிஜிட்டல் சாவியின் அடையாளத்தை அதில் எரித்துவிட்டால், அந்தச் சாவியால் கையெழுத்திட்ட இமேஜை மட்டுமே ரோம் ஏற்கும், யுஎஸ்பி வழியாக வந்தாலும் சரி. பணம் புழங்கும் ஸ்வைப் மெஷினுக்கும் செல்போனுக்கும் இது அவசியம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தறியின் கன்ட்ரோலர் பெட்டிக்கு எதற்கு? ஒரு கம்பெனியின் பெட்டி என்னிடம் வந்தது. யுஎஸ்பி-யில் எண் தெரிந்தது, சிப் பதில் சொன்னது, ஆனால் கையெழுத்து கேட்டது. கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டதாம், இமேஜ் தரமாட்டார்களாம். பாகம் எதுவும் கெடாத பெட்டியை அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். ரிப்பேர் முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்ததெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது, அதே வருடம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் முதலிய மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். அந்த நான்கில் தறியும் ஜக்கார்டும் வரவில்லை. ஆகவே இப்போதைக்கு வாங்கும்போதே கேட்டு வாங்குவதுதான் வழி. புதுப் பெட்டிக்கு விலை பேசும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள் என்று என்னிடம் வரும் தறிக்காரர்களிடம் சொல்கிறேன்: முழு பூட் இமேஜ் ஒரு பென்டிரைவில் வேண்டும், யுஎஸ்பி நிலைக்குக் கொண்டுபோகும் பட்டன் எங்கே என்று காட்ட வேண்டும், ஃப்யூஸ் எரித்திருக்கிறார்களா என்று பில்லில் எழுதித் தர வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் விற்பனையாளர் முகம் மாறினால் அடுத்த கடைக்குப் போகலாம்.

நான் சரிசெய்து கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உட்புறமும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். சிப் பெயர், போர்டின் வெர்ஷன், எந்தப் புள்ளியை எதோடு தொடவேண்டும், லேப்டாப்பில் எந்த எண் தெரியவேண்டும், இமேஜ் எடுத்த தேதி. இளம்பிள்ளைப் பெட்டிக்கும் ஒட்டினேன். ஏற்காட்டுப் பெட்டிக்குள் ஈரம் ஏறும் என்பதால் அந்தச் சீட்டைப் பென்சிலில் எழுதி, மேலே டேப் ஒட்டியிருக்கிறேன்.